எஞ்சின் மாற்றிய கார் வாங்கலாமா?

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். அதற்கு அடுத்தபடியாகப் பெரிய கிராணியாரின் பழைய கார் ஒன்று ஆபீசு வாசலில் நிற்கும். லயத்துப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கவும் பயப்படுவார்கள். இன்று நிலைமை மாறிவிட்டது. செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வீடுகளின் வாசலிலும் ஒரு புரோட்டோன் சாகாவோ, வீராவோ, பெரோடுவா கஞ்சிலோ நிற்பதைக் காண்கிறோம்.

இது ஆடம்பரம் அன்று. பட்டணத்து மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுபோக வேண்டும். இடைநிலைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும். மாதச் சாமான் வாங்கி வர வேண்டும். பேருந்து எட்டிப் பார்க்காத தோட்டத்தில் கார் என்பது அரிசி பருப்பைப் போன்ற தேவையாகிவிட்டது. ஆனால் நம்மவர்கள் வாங்குவது புதுக் கார் அல்ல. பல கைகள் மாறி வந்த பழைய கார். வயதான காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. ஆகவே போனசுப் பணம், சேமித்த பணம், தோட்டை அடகு வைத்த பணம் என்று ரொக்கமாக எண்ணிக் கொடுத்துத்தான் வாங்குகிறோம். அப்படி வாங்கும் காரில் ஏமாந்தால் மீண்டும் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆகும்.

"வாத்தியாருக்கும் கார் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருப்பவர்கள் பாடம் மட்டும் நடத்துவதில்லை. இலாகாக் கடிதம், காப்புறுதித் தாள், காரின் கிராண் என்று எது வந்தாலும் பெற்றோர்கள் எங்களிடம் கொண்டு வந்து, "சார், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்பார்கள். அப்படிப் படித்துச் சொன்னதிலும், பட்டறைப் போமன்களிடம் கேட்டறிந்ததிலும் கிடைத்த விவரங்களைத்தான் இங்கே தருகிறேன். குறிப்பாக, "எஞ்சின் மாற்றிய கார்" என்று சொல்லி விற்கப்படும் கார்களைப் பற்றி.

எஞ்சினை ஏன் மாற்றுகிறார்கள்?

நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. அதன் எஞ்சின் ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் 1,298 சி.சி. எஞ்சின். 1993-இல் வீரா வந்தது. அதிலும் மிட்சுபிஷி எஞ்சின்களே இருந்தன: 1,468 சி.சி., 1,597 சி.சி., 1,834 சி.சி. எனப் பல அளவுகள். 1994-இல் வந்த கஞ்சில், ஜப்பானிய டைஹட்சு மீரா என்னும் சிறு காரின் வழியில் பிறந்தது.

இப்படி ஒரே குடும்பத்து எஞ்சின்களாக இருப்பதால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்துவது பட்டறைக்காரர்களுக்குப் பெரிய காரியமில்லை. அதற்கு வேண்டிய எஞ்சின்களும் தாராளமாகக் கிடைத்தன. ஜப்பானில் ஓடி ஓய்ந்த கார்களைப் பாதியாக வெட்டி, எஞ்சினோடு கூடிய முன்பாதியைக் கப்பலில் அனுப்புவார்கள். 'ஹாஃப்கட்' என்று நம் இளைஞர்கள் சொல்வது இதைத்தான்.

எஞ்சின் மாற்றுவதில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தேவைக்காக மாற்றுவது. பழைய எஞ்சின் தேய்ந்து எண்ணெய் குடிக்கிறது. அதைப் பிரித்துச் சீர்செய்வதைவிட அதே அளவுள்ள வேறொரு நல்ல எஞ்சினைப் போடுவது சிக்கனம் என்று மாற்றுகிறார்கள். மற்றொன்று, ஆசைக்காக மாற்றுவது. 1.5 காரில் 1.8 எஞ்சினைப் போட்டுப் பறக்க வேண்டும் என்னும் இளமைத் துடிப்பு. இரண்டையும் "எஞ்சின் மாற்றிய கார்" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆனால் இரண்டின் விலையும் ஒன்றாக இருக்க முடியாது.

கிராணும் எஞ்சின் எண்ணும்

ஒவ்வொரு காருக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று சேசிஸ் எண். அது காரின் உடம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றது எஞ்சின் எண். அது எஞ்சினின் இரும்பு உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டு எண்களும், எஞ்சினின் சி.சி. அளவும், நாம் கிராண் என்று அழைக்கும் வாகனப் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கும்.

எஞ்சினை மாற்றியவர் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்து, வாகனத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். எஞ்சின் வாங்கிய இரசீது வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சினாக இருந்தால் சுங்க இலாகா தாளும் கேட்பார்கள். இதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு. அதனாலேயே பலர் எஞ்சினை மாற்றிவிட்டு வாய்மூடி இருந்துவிடுகிறார்கள்.

கார் அவர்கள் கையில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. விற்கும்போதுதான் வினை வெளிப்படுகிறது. பெயர் மாற்றத்திற்கு முன் காரைப் புஸ்பாகோம் போன்ற ஆய்வு நிலையத்தில் பரிசோதிக்க வேண்டும். அங்கே முதல் வேலையாகவே சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிராணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்துப் போகாவிட்டால் கார் தேறாது. கார் தேறாவிட்டால் பெயர் மாறாது.

மிட்சுபிஷி எஞ்சின்களில் இதைக் கண்டுபிடிப்பது நமக்கே எளிது. எண்ணின் தொடக்கத்திலேயே எஞ்சினின் வகை இருக்கும். 4ஜி13 என்றால் 1.3, 4ஜி15 என்றால் 1.5, 4ஜி92 என்றால் 1.6, 4ஜி93 என்றால் 1.8. முதலில் உள்ள 4 என்பது நான்கு சிலிண்டர்களைக் குறிக்கும். ஜி என்பது பெட்ரோல் எஞ்சினைக் குறிக்கும். கிராணில் 1,468 சி.சி. என்று இருந்து எஞ்சினில் 4ஜி93 என்று இருந்தால், வாங்குபவர் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

எண்ணே தேய்க்கப்பட்டு அழிந்திருந்தால் யோசனைகூட வேண்டாம். அந்த எஞ்சின் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். திரும்பிப் பாராமல் நடையைக் கட்டுங்கள்.

ஒரு தாயின் உறுதி

எங்கள் வட்டாரத்தில் ஒரு குடும்பம். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாய் உரம் போடும் வேலை செய்து வந்தவர். இப்போது சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் பட்டணத்துக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறார். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. கார் வாங்கியே தீர வேண்டிய நிலை.

மகன் ஒரு வீராவைக் கண்டுபிடித்தான். பளபளவென்று சாயம் பூசிய கார். "அம்மா, 1.8 எஞ்சின் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு மட்டும் ஐயாயிரம் வெள்ளி செலவாம். காரோடு சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறுக்குத் தருகிறார்கள்" என்றான். தந்தைக்கும் சம்மதம். முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்களை அந்த அம்மாதான் நிறுத்தினார். "மூவாயிரம் கொடுங்கள். பெயர் மாறட்டும், மீதியை அப்புறம் கொடுக்கலாம். என் பேருக்கோ உங்க பேருக்கோ மாறாத காருக்கு நான் முழுப்பணம் கொடுக்க விடமாட்டேன்" என்றார்.

ஆய்வு நிலையத்தில் கார் தேறவில்லை. கிராணில் இருந்த எஞ்சின் எண் வேறு. காரில் இருந்த எஞ்சின் வேறு. விற்றவரைக் கேட்டால், "எனக்கு முன்னால் வைத்திருந்தவன் மாற்றியது, எனக்குத் தெரியாது" என்றார். எஞ்சின் வாங்கிய இரசீதும் இல்லை. இரசீது இல்லாமல் அதைப் பதிவு செய்யவும் வழியில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்பணம் மட்டும் உடனே வரவில்லை. பல மாதங்கள் நடையாய் நடந்து, ஐந்நூறும் முந்நூறுமாக வாங்கினார்கள். அத்தனை மாதமும் அந்த அம்மா பக்கத்து வீட்டார் காரில் இடம் கேட்டுத்தான் மருத்துவமனைக்குப் போய் வந்தார்.

பிறகு அவர்கள் ஒரு சாகா வாங்கினார்கள். அதுவும் எஞ்சின் மாற்றிய கார்தான். ஆனால் 1.3 எஞ்சின் இருந்த இடத்தில் அதே 1.3 எஞ்சின். கிராணில் புதிய எண் பதிவாகியிருந்தது. பட்டறை இரசீதையும் பழைய உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தார். பெயர் ஒரே நாளில் மாறியது. ஆகவே எஞ்சின் மாற்றிய கார் என்றாலே கெட்ட கார் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எதற்காக மாற்றினார்கள், எப்படி மாற்றினார்கள், எங்கே பதிந்தார்கள் என்பதில்தான் விலை இருக்கிறது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

விற்பவர் போடும் கணக்கு எப்போதும் கூட்டல் கணக்கு. "கார் ஆறாயிரம், எஞ்சின் ஐயாயிரம், ஆக மொத்தம் பதினோராயிரம்" என்பார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒருவர் செலவழித்த பணம் வேறு. அந்தப் பொருளின் மதிப்பு வேறு. நூறு வெள்ளிச் சட்டையில் ஐந்நூறு வெள்ளிக்குச் சரிகை தைத்தால் சந்தையில் அதை அறுநூறுக்கு யார் வாங்குவார்கள்?

சரியான கணக்கை இப்படிப் போட வேண்டும். இதில் வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை விசாரித்து அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், அதே ஆண்டு, அதே வகை, எஞ்சின் மாற்றாத கார் என்ன விலைக்குப் போகிறது என்று நாலு இடத்தில் கேளுங்கள். 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இதுதான் அடிப்படை விலை. பழைய கார் என்றால் எஞ்சினும் தேய்ந்திருக்கும், இன்னும் சில காலத்தில் அதைப் பிரித்துச் சீர்செய்ய வேண்டிவரும் என்ற எண்ணத்தோடுதான் சந்தை இந்த விலையை வைத்திருக்கிறது.

அடுத்து, நல்ல எஞ்சின் போட்டிருந்தால் அந்தச் சீர்செய்யும் செலவு நமக்கு மிச்சம். அது 2,500 வெள்ளி என்று கொள்வோம். ஆனால் போட்ட எஞ்சினும் புதியதல்லவே. ஜப்பானில் அது எவ்வளவு தூரம் ஓடியது என்பதற்குச் சாட்சியில்லை. ஆகவே பாதியை மட்டும் சேர்ப்போம்: 1,250 வெள்ளி. மொத்தம் 7,250. அதே அளவு எஞ்சினை முறையாக மாற்றிப் பதிவு செய்த காருக்கு நாம் தரக்கூடிய உச்ச விலை இதுதான்.

எஞ்சின் பெரிதாக மாறியிருந்தால் இனிக் கழித்தல் தொடங்குகிறது. மேற்கு மலேசியாவில் தனியார் காருக்கு 1,468 சி.சி. என்றால் ஆண்டுக்கு 90 வெள்ளி சாலை வரி. 1,834 சி.சி. என்றால் 280 வெள்ளியும், 1,800-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சி.சி.க்கும் 50 காசும் சேர்ந்து 297 வெள்ளி ஆகிறது. ஆண்டுக்கு 207 வெள்ளி கூடுதல். ஐந்து ஆண்டுக்கு 1,035 வெள்ளி. அதைக் கழித்தால் 6,215.

பெரிய எஞ்சினுக்கு ஏற்ற ரேடியேட்டரும் பிரேக்கும் போடாமல் விட்டிருந்தால் நாம்தான் போட வேண்டும். அதற்கு 800 வெள்ளி என்று கழித்தால் மிஞ்சுவது 5,415. பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பதை இன்னும் சேர்க்கவே இல்லை! பதினோராயிரம் என்று சொன்ன கார், எஞ்சின் மாற்றாத காரைவிடவும் நமக்குக் குறைந்த மதிப்புடையதாகிவிட்டது. யானையை வாங்குவது எளிது. தீனி போடுவதுதான் கடினம்.

வேகத்தின் மீது ஆசை கொண்ட இளைஞர் ஒருவர் அதே காருக்குப் பதினோராயிரம் கொடுக்கக்கூடும். அது அவருடைய கணக்கு. அவருக்கு அது தவறும் அன்று. ஆனால் நாளைக்கு அவசரம் வந்து நாம் அதை விற்கப் போனால், அப்படி ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணக் காரை வாங்க நூறு பேர் உண்டு.

பதிவு செய்யாத எஞ்சினுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். "நீங்கள் பதிவு செய்து கொண்டு வாருங்கள், பிறகு விலை பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். காப்புறுதியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1.5 கார் என்று காப்புறுதி எடுத்து, உள்ளே 1.8 எஞ்சின் இருந்தால், விபத்து நேரும்போது நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் கொடுத்தவர்களாகிறோம். எல்லாம் சரியாக இருந்தாலும், சந்தை மதிப்பில் எடுத்த காப்புறுதி அந்த வகைக் காரின் சந்தை விலையைத்தான் பார்க்கும். முன்னவர் எஞ்சினுக்குக் கொட்டிய ஐயாயிரத்தைப் பார்க்காது.

கண்ணாலும் காதாலும் சோதிப்பது

கார் பார்க்கப் போகும்போது, "நாங்கள் வரும்வரை எஞ்சினை ஓட்டி வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்களோ என்று ஐயப்பட வேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

ஸ்டார்ட் செய்தபின் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. காலையில் சற்று நேரம் வரும் வெண்ணிற ஆவியால் குற்றமில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது என்று பொருள். வண்டியை நிறுத்திவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த காப்பியைப் போல் பசையாக இருந்தாலும் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

வயர்களைப் பாருங்கள். வெட்டி ஒட்டி, கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் நிறைய இருந்தால் அவசர வேலை நடந்திருக்கிறது. கார்ப்ரேட்டர் காரில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் எஞ்சினைப் போட்டிருந்தால் பெட்ரோல் பம்பும் குழாய்களும் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். கியர் போட்டு விடும்போது எஞ்சின் குலுங்கி இடித்தால், அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் சரியில்லை.

'டைமிங் பெல்ட்' எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையில் குறையுங்கள். கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த போமனிடம் கொண்டுபோய் 'கம்ப்ரஷன்' பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் எஞ்சினுக்குள் நோய் இருக்கிறது. போமனுக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவென்று நினைக்காதீர்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

உங்கள் காரின் எஞ்சினை நீங்களே மாற்ற நேர்ந்தால், அதே அளவு எஞ்சினையே போடுங்கள். மாற்றிய கையோடு இலாகாவில் பதிவு செய்யுங்கள். இரசீதுகளைக் கிராணோடு ஒரே உறையில் வையுங்கள். நாளைக்கு அந்த உறைதான் உங்கள் காருக்கு விலை பேசும். மறைத்து விற்றால் இன்றைக்குச் சில நூறு வெள்ளி கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் வாங்குகிறவரும் நம்மைப் போலப் பால் வெட்டியோ குலை வெட்டியோ பணம் சேர்த்தவராகத்தான் இருப்பார்.

கார் வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ஆனால் தனி ஆளிடம் கைமாற்றாக வாங்கிய காருக்கு அந்த வழி இல்லை. ஆகவே தனி ஆளிடம் வாங்கும்போது, கொடுத்த முன்பணத்துக்கு அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்திட்ட தாள் வாங்கிக்கொள்வது மிக மிக அவசியம். "பெயர் மாறாவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.

வாசக அன்பர்களே, கார் பார்க்கப் போகும்போது பிள்ளைகள் எஞ்சினின் சத்தத்தைக் கேட்பார்கள். சாயத்தின் பளபளப்பைப் பார்ப்பார்கள். அது அவர்கள் வயது. பெரியவர்களாகிய நாம் கிராணைக் கையில் வாங்கி, எண்ணை ஒப்பிட்டு, ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும். வீட்டில் உள்ள தாய்மாரையும் அழைத்துப் போங்கள். மாதச் செலவைக் கட்டி ஆள்கிறவர்களுக்கு விலை கேட்கவும் தெரியும்; வேண்டாம் என்று எழுந்து வரவும் தெரியும்.